கிருஷ்ணப்பிரியா எழுதாமல் விட்ட மாதம்

போகியன்று காலையில் பிரியாக்கா முல்லை நகரை விட்டுப் போனாள். பழைய பாயும் டயரும் எரிந்த புகை இன்னும் தரையோடு தரையாகக் கிடந்தது. தெருமுனையில் ஒரு குட்டியானை வண்டி பின்பக்கத்தைத் திறந்துபோட்டு நின்றது. கட்டில், பீரோ, கிரைண்டர், புத்தக மூட்டைகள் எல்லாம் ஏறிவிட்டன. ஏறாதவர் சிவராமன் சார் ஒருவர்தான்.

அவர் பிரியாக்காவின் அப்பா. ராணுவ டேங்குகள் செய்யும் ஆவடிப் படைத்தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் ‘டேங்கு சார்’. வாசலில் குந்தி உட்கார்ந்து, ஸ்பானரை வைத்துக்கொண்டு இரும்பு கேட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவரே பற்றவைத்துச் செய்த கேட் அது. நடுவில் பாதிச் சூரியன், அதிலிருந்து விரியும் கதிர்கள்தான் கம்பிகள். நெமிலிச்சேரி ஸ்டேஷனில் இறங்கி வழி கேட்பவர்களுக்கு, ‘சூரியன் கேட் போட்ட வீட்டுக்குப் பக்கத்தில்’ என்றுதான் சொல்வோம்.

“பெருசு, கேட்டை எடுத்துகினு போய் இன்னா பண்ணப்போறே? போற ஊடு ரெண்டாவது மாடின்றாங்க” என்றான் வண்டிக்காரன்.

“ஒன் வண்டில எடம் இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லு.”

பிரியாக்கா அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கேட் சாயாமல் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். தெருவிலிருந்து யாரும் உதவிக்கு வரவில்லை. பாதிப் பேர் முன்பே காலி செய்துவிட்டார்கள். மீதிப் பேர் அவள் முகத்தைப் பார்க்க விரும்பவில்லை. நானும் எங்கள் நைனாவும் போய் மறுபக்கத்தைப் பிடித்தோம். கேட் இறங்கியதும் டேங்கு சார் அதை வண்டியில் ஏற்றிப் படுக்க வைத்துவிட்டு, மகளோடு முன்னால் உட்காராமல், கேட்டின் பக்கத்திலேயே பின்னால் ஏறிக்கொண்டார்.

நாடுநாடாகச் சுற்றிவிட்டு நான் ஊர் திரும்பி நான்கு மாதம்கூட ஆகவில்லை அப்போது. எங்கெங்கோ ஜனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

*

முல்லை நகர் எங்கள் வயலாக இருந்த இடம். நைனாவின் பெயர் கஜபதி. ஊரில் நான்கு தலைமுறையாக விவசாயம் செய்த குடும்பம். கிணறு வற்றி, ஆளும் கிடைக்காமல் போன காலத்தில் வயலை மனையாகப் போட்டு விற்றார். வாங்கியவர்களில் பாதிப் பேர் படைத்தொழிற்சாலைக்காரர்கள். குவார்ட்டர்ஸிலேயே வாழ்க்கையைக் கழித்துவிட்டு, ஓய்வுக்கு முன் சொந்தமாக ஒரு கூரை வேண்டும் என்று அலைந்தவர்கள். டேங்கு சாருக்குத் தென்காசிப் பக்கம். ‘ஊருக்குப் போய் என்ன செய்ய, பழகின ரயில் சத்தம் இங்கதான இருக்கு’ என்று இங்கேயே கட்டினார். மனைவி இறந்தது அந்த வீட்டில்தான்.

எங்கள் சொந்த வீடு பழைய ஊரில், மேட்டில் இருக்கிறது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

பிரியாக்கா குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். புள்ளியியல் படித்து, பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்தினாள். சென்னீர்குப்பத்தில் பஸ் மாறி, கையில் குடையும் தோளில் கனமான பையுமாகப் போய்வருவாள். எந்திரங்கள் ஏன் தப்பாக முடிவு செய்கின்றன என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ரேஷன் கடையில் கைரேகை விழாமல் திரும்பிப் போகிற கொத்து வேலைப் பெண்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். தேய்ந்த விரலைத் தெரியாத எந்திரத்தைத் திட்டாமல், தேய்ந்த விரலை அதற்குக் காட்டாமலே பழக்கியவர்களைத் திட்டியிருந்தாள். அதைப் படித்துவிட்டுத்தான், அரசு அலுவலகங்களில் செயற்கை நுண்ணறிவைப் பொறுப்போடு பயன்படுத்துவது எப்படி என்று ஆலோசனை சொல்லும் வல்லுநர் குழுவில் அவளையும் சேர்த்தார்கள்.

குழுவின் தலைவர் பாஸ்கரன். ஓய்வு பெற்ற அதிகாரி, மென்மையாகப் பேசுபவர். மற்றவர்கள் பெரிய கம்பெனிக்காரர்கள், வழக்கறிஞர்கள், பேராசிரியர்கள். கூட்டத்துக்கு மின்சார ரயிலில் வந்து இறங்கும் உறுப்பினர் இவள் ஒருத்திதான்.

“இவ்வளவு பெரிய ஆளாயிட்டே, ஒரு கார் அனுப்ப மாட்டாங்களா?” என்று நைனா கேட்பார்.

“காருல போனா கூட்டத்துக்கு லேட்டாயிடும் மாமா. அம்பத்தூர் எஸ்டேட் சிக்னல்லயே பாதிக் கூட்டம் முடிஞ்சுடும்” என்பாள்.

முதல் வருடம் ஒரு சம்பவம் நடந்தது. ஏரி, குளம், கால்வாய்களில் உள்ள ஆக்கிரமிப்புகளைச் செயற்கைக்கோள் படத்திலிருந்து கண்டுபிடிக்க ஒரு துறை ‘நீர்க்கண்’ என்ற மென்பொருளைக் கொண்டுவந்திருந்தது. அது போட்ட முதல் வரைபடத்தில் ஓர் உறுப்பினரின் மைத்துனருடைய குடோன் இருந்தது. அந்த உறுப்பினர் கூட்டத்தில் அழகாகப் பேசி, அது எந்திரத்தின் பிழை என்று நிறுவி, எடுக்க வைத்துவிட்டார். குடோனுக்கு ஒட்டினாற்போல் செங்கல் சூளைக்காரர்களின் குடிசைகள் இருந்தன. அவர்களுக்காகப் பேச யாரும் இல்லை. குடிசைகள் போயின, குடோன் நின்றது.

அன்று வீட்டுக்கு வந்து பிரியாக்கா சாப்பிடவில்லை என்று டேங்கு சார் சொல்வார். மறுநாளே உட்கார்ந்து குழுவுக்கு விதிகள் எழுதினாள். உறுப்பினருக்குச் சம்பந்தம் உள்ள விஷயம் வந்தால் அவர் எழுந்து வெளியே போக வேண்டும். அதைப் பற்றி அவர் சொன்ன எதுவும் குறிப்பில் ஏறக்கூடாது. வரைபடத்தில் எந்த இடம் இருக்கிறது என்பதைச் சம்பந்தப்பட்டவர்களிடம் முன்கூட்டிச் சொல்லக்கூடாது. எந்திரம் என்ன சொன்னாலும் சரி, நோட்டீஸ் போகும் முன் ஒரு மனிதர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். எதற்காக வந்திருக்கிறார் என்று அவர் அங்கே சொல்லக்கூடாது. சொன்னால் பணமும் செல்வாக்கும் இருப்பவர்கள் உடனே ஆள் பிடிப்பார்கள்.

ஒவ்வொன்றும் நியாயமான விதி. இப்போதும் என்னால் அவற்றில் ஒரு வரியைக்கூடத் தப்பு என்று சொல்ல முடியவில்லை.

*

முல்லை நகரில் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். எங்கள் வயலாக இருந்தபோது நிற்காது, கால்வாயில் ஓடிவிடும். புதிதாகப் போட்ட பெரிய ரோடு கால்வாய்க்குக் குறுக்கே மேடாக உட்கார்ந்துவிட்டது. அதற்கு அடியில் வைத்த குழாய் ஒரு நாய் நுழையும் அளவு. அதுவும் அடைத்துக்கொண்டது. அதிலிருந்து ஒவ்வொரு ஐப்பசியிலும் தெருவில் முழங்கால் தண்ணீர். மழை விட்டு ஒரு வாரம், பத்து நாளில் வடிந்துவிடும்.

டேங்கு சார் புகார் கொடுத்துக்கொண்டே இருந்தார். புகார் செய்ய ஒரு செயலி வந்தது. படம் எடுத்துப் போட்டால் இடத்தையும் அதுவே குறித்துக்கொள்ளும். வெறும் தண்ணீரைப் படம் எடுத்துப் போட்டுப் பார்த்தார்கள், பதில் இல்லை. அப்புறம்தான் பிரியாக்கா அந்த யோசனையைச் சொன்னாள். நம் பக்கத்தில் எல்லோரும் செய்கிற போராட்டம்தான், குண்டும் குழியுமான ரோட்டில் நாற்று நடுவது.

நைனா உற்சாகமாகிவிட்டார். திருநின்றவூருக்கு அப்பால் நாற்றங்கால் வைத்திருக்கும் ஒரு சொந்தக்காரரிடமிருந்து நிஜமான நெல் நாற்று கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தார். எதிர்வீட்டு முத்தம்மாள், அவரும் தொழிற்சாலைக்காரர் மனைவி, சிவகாசிப் பக்கம், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு குலவை போட்டு நட்டார். நைனா பக்கத்தில் நின்று, “வரிசை கோணுது முத்தம்மா, ஒழுங்கா நடு, வெளைச்சல் போயிடும்” என்று கிண்டல் செய்தார். நீலப் பீப்பாய்களைக் கட்டி ஒரு தெப்பம் விட்டார்கள். வலை வீசினார்கள். வலையில் நிஜமாகவே ஜிலேபி மீன் விழுந்தது. டேங்கு சார் சூரியன் கேட்டுக்கு முன்னால் தூண்டிலோடு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

எல்லாவற்றையும் படம் எடுத்து அப்பாவின் பெயரில் செயலியில் ஏற்றியவள் பிரியாக்கா. அப்போது நான் வெளிநாட்டில், திபிலீசியில் ஒரு விடுதியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். படங்கள் வாட்ஸாப்பில் வந்தன. சிரித்துச் சிரித்துப் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

ரோட்டுக்காரர்கள் யாரும் வரவில்லை. தண்ணீர் வடிந்தது. நாற்று காய்ந்தது.

அடுத்த ஆடி மாதம் குழுக் கூட்டம். நீர்க்கண்ணை எந்தப் படங்களைக் காட்டிப் பழக்கினீர்கள் என்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தவள் பிரியாக்காதான். அன்று மென்பொருள்காரர்கள் திரையில் போட்டுக் காட்டினார்கள். வானத்திலிருந்து பார்த்தது சரிதானா என்று உறுதி செய்ய, மக்கள் தாங்களே ஏற்றிய படங்களையும் சேர்த்துக்கொண்டோம் என்று பெருமையாகச் சொன்னார்கள். ‘நீர்நிலை, உறுதி’ என்ற தலைப்பின் கீழ் ஒவ்வொன்றாக நகர்ந்தன. ஓர் ஏரி. ஒரு தாங்கல். ஒரு குளம். அடுத்து, குனிந்து நாற்று நடுகிற முத்தம்மாள். பின்னால் ஒரு தெப்பம், வலை, தூண்டில் போடும் ஒரு கிழவர். அவருக்குப் பின்னால் பாதிச் சூரியன்.

வயலும் மீனும் படகும் இருக்கிற இடத்தில் வீடு கட்டியிருக்கிறார்கள் என்று எந்திரம் கண்டுபிடித்திருந்தது. முல்லை நகர் முழுவதும் சிவப்பு.

“சார், இது என் தெரு. அது போராட்டம் சார். ஏரி இல்ல” என்று அவள் எழுந்து நின்றிருக்கிறாள்.

பாஸ்கரன் வருத்தத்தோடுதான் சொன்னாராம். “அம்மா, இதுக்கு மேல பேசாதீங்க. நீங்க எழுதின விதிதான். நீங்க சொல்றதைக் குறிப்புல ஏத்த முடியாது. வெளில இருங்க, நாங்க பார்த்துக்கறோம்.”

“ஒருத்தர் நேர்ல போய்ப் பார்க்கணும் சார்.”

“கண்டிப்பா. அதுவும் உங்க விதிதானே.”

அவள் வெளியே வந்து, தாழ்வாரத்தில் நின்றாள். அந்தக் கதவுக்கு வெளியே ஒரு தண்ணீர் கேன் இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன் என்று பின்னால் என்னிடம் சொன்னாள். உள்ளே போய்க் கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால், குடோன்காரர் பேசியதற்கும் இவள் பேசியதற்கும் என்ன வித்தியாசம்? யாராவது வந்து பார்த்தால் போதும் என்று நம்பினாள். கண் இருக்கிற எவருக்கும் அது தெரு என்று தெரியுமே.

வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

டேங்கு சார் அப்போது வீட்டைத் தூக்கி உயர்த்த ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் வரிசையாக ஜாக்கி வைத்து, வீட்டை அப்படியே மூன்றடி தூக்கிவிடுவார்கள். ஆவடியில் நிறைய வீடுகளுக்குச் செய்திருக்கிறார்கள்.

“இப்ப வேண்டாம்ப்பா” என்றாள்.

“ஏட்டி, மழைக்கு முன்னாடி செஞ்சாத்தான உண்டு. ஏன் வேண்டாங்கே?”

“கொஞ்ச நாள் போகட்டும்.”

“கொஞ்ச நாள் போனா தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டா ஜாக்கி வைப்பான்? படிச்சவ பேசுத பேச்சா இது?”

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். மகளுக்கு யாரோ வரன் பேசுகிறார்கள், வெளியூர் போகப் பார்க்கிறாள் போல, அதனால்தான் வீட்டு வேலை வேண்டாம் என்கிறாள் என்று அவர் நைனாவிடம் வந்து சந்தோஷமாகச் சொன்னாராம்.

*

நான் புரட்டாசியில் திரும்பினேன். மழை தாமதமாக, ஐப்பசிக் கடைசியில் பிடித்தது. ஒரே வாரத்தில் தெரு நிறைந்தது. அந்தத் தண்ணீருக்கு நடுவில்தான் ஹேமநாதன் வந்தார்.

இளைஞர். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டி, கையில் டேப்லெட்டை உயரப் பிடித்துக்கொண்டு வந்தார். தண்ணீர் நிற்பதைப் பார்க்க அனுப்பியிருக்கிறார்கள் என்றார். அவ்வளவுதான் அவர் சொல்ல அனுமதி.

தெருவே கிளம்பிவிட்டது. இத்தனை வருடப் புகாருக்கு ஒரு ஆள் வந்துவிட்டான்! கால்வாய்க்காரன் வந்துட்டான், கால்வாய்க்காரன் வந்துட்டான் என்று வீட்டுக்கு வீடு குரல் கொடுத்தார்கள். நைனா மேட்டிலிருந்து ஓடினார். நானும் பின்னால் போனேன்.

“வா சார், வா சார், தெப்பத்துல ஏறு. காலை நனைக்காதே, கண்ணாடி கிண்ணாடி கீது தண்ணிக்குள்ள” என்று நைனா அவரைத் தெப்பத்தில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்.

“தண்ணி எத்தனை வருஷமா நிக்குதுங்க?”

“எத்தனை வருஷமாவா? நாங்க பார்க்கதுல இருந்து நிக்கி சார்” என்றார் டேங்கு சார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நடந்தபடி. “இத நீங்க தெருன்னு நெனச்சீகன்னா தப்பு. ஏரி சார் இது. ஏரிக்குள்ளதான் குடும்பம் நடத்துதோம்.”

“எப்ப வத்தும்?”

பத்து நாளில் வற்றும். அதைச் சொன்னால் கால்வாய் வெட்டுவானா?

“வத்தவே வத்தாது சார். மாசி வரைக்கும் இப்படியேதான் கீது” என்றார் நைனா.

“மீன் இருக்கா?”

“இருக்கான்னா கேக்கீக?” முத்தம்மாள் வாசற்படியில் நின்று சிரித்தார். “காலைல புடிச்சது, இப்பதான் பொரிச்சேன். ரெண்டு துண்டு சாப்பிட்டுட்டுப் போங்க தம்பி. எங்க தெருவுல வெளைஞ்சது.”

“வேண்டாங்கம்மா, டூட்டில இருக்கேன்.”

“டூட்டில இருக்கவுகளுக்கும் வயிறு இருக்கும்லா?”

எல்லோரும் சிரித்தார்கள். ஹேமநாதனும் சிரித்தார். நல்ல மனிதர்தான். சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் டேப்லெட்டில் ஏற்றிக்கொண்டார். படம் எடுத்தார். கடைசியில் டேங்கு சாரும் நைனாவும் முத்தம்மாளும் திரையில் விரலால் கையெழுத்துப் போட்டார்கள். டேங்கு சார், “இந்த வாட்டி விட்டுறாதீக சார்” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் பிரியாக்கா தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். நாங்கள் எல்லோரும் அவள் வீட்டுப் படியில்தான் இருந்தோம். டேங்கு சாருக்குப் பொறுக்கவில்லை.

“ஏட்டி, இன்னைக்கு ஆபீஸ்ல இருந்து ஆள் வந்தாம்லா! தெப்பத்துல வச்சு ஒரு சுத்துச் சுத்திக் காட்டிட்டோம். ஏரியேதான்னு அடிச்சுச் சொல்லிட்டேன். கஜபதி மாசி வரைக்கும் வத்தாதுன்னு ஒரு போடு போட்டான் பாரு!”

பிரியாக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். “அவர் எதுக்கு வந்தார்னு சொன்னாரா?”

“தண்ணி பார்க்க வந்தேன்னாரு. வேற எதுக்கு வருவான்? கால்வாய்க்குத்தான்.”

அவள் கடைசிப் படியில் உட்கார்ந்தாள். அந்தப் படி தண்ணீருக்குள் இருந்தது. புடவை, பை, உள்ளே இருந்த விடைத்தாள்கள், எல்லாம் நனைந்தன. எடுக்கச் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். நாற்றுப் படம், சிவப்பு வரைபடம், வந்தவர் பார்க்க வந்தது இது தெருவா ஏரியா என்பதைத்தான் என்று.

டேங்கு சார்தான் கேட்டார்.

“ஒனக்கு எப்பத் தெரியும்?”

“ஆடி மாசம்.”

அவர் எழுந்து உள்ளே போனார். அதற்கப்புறம் வெகுகாலம் மகளிடம் அவர் முழுசாக ஒரு வாக்கியம் பேசி நான் கேட்கவில்லை.

*

மறுநாள் முதல் பிரியாக்கா ஓடிய ஓட்டத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. கல்லூரிக்கு விடுப்புப் போட்டுவிட்டு, குழுவிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்தாள். இனி நான் உறுப்பினர் இல்லை, முல்லை நகர்க் குடியிருப்பாளராகப் பேச வந்திருக்கிறேன் என்று பாஸ்கரனின் அறைக்குப் போனாள். நானும் நைனாவும் கூடப் போயிருந்தோம்.

பாஸ்கரன் எழுந்து நின்று வரவேற்றார், காபி வரவழைத்தார்.

“உங்க மனசு எனக்குப் புரியுதும்மா. ஆனா யோசிச்சுப் பாருங்க. எந்திரம் ஏரின்னு சொன்னது. நேர்ல போனவர் தண்ணியைப் பார்த்தார். அங்க குடியிருக்கறவங்களே ஏரின்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. நான் எதை வெச்சு மாத்தறது?”

“பங்குனில ஒரு தடவை ஆளை அனுப்புங்க சார். தூசிதான் பறக்கும். பசங்க கிரிக்கெட் ஆடற தெரு சார் அது.”

“நேர்ல பார்க்கணும்னுதான் விதில இருக்கு. பார்த்தாச்சு. எந்த மாசம் பார்க்கணும்னு இல்லையேம்மா.”

அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே உதவ ஏதாவது வழி தேடி, விதியை மறுபடி மறுபடி படித்துப் பார்த்துத்தான் சொன்னார். பிரியாக்கா காபி டம்ளரைப் பார்த்தாள். “ஆமா, நான் எழுதலை” என்றாள்.

நைனாதான் மேஜையைத் தட்டினார். “சார், அது எங்க நெலம். எங்க அப்பா வெதைச்சு நான் அறுத்த நெலம். ஏரின்னா எங்களுக்குத் தெரியாதா? ஏரி அந்தாண்ட கீது சார், ரோட்டுக்கு அந்தாண்ட!”

“பெரியவரே, மாசி வரை வத்தாதுன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க.”

“கால்வாய் வெட்டுவீங்கன்னு சொன்னேன் சார்! பொய் சொன்னேன்!”

பாஸ்கரன் தலையைக் குனிந்துகொண்டார். இனி வரும் இடங்களுக்குப் பருவகாலத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று பரிந்துரைப்பதாகச் சொன்னார். பரிந்துரைக்கவும் செய்தார் என்று கேள்வி. அந்தத் திருத்தத்துக்கு முன்னால் முடிந்துபோன இடங்களில் முல்லை நகரும் ஒன்று.

நோட்டீஸ் கார்த்திகையில் வந்தது. பட்டா இருக்கிறதே என்று வக்கீலிடம் போனார்கள். நீர்நிலைக்குத் தப்பாகக் கொடுத்த பட்டா செல்லாது என்பார்கள், அதற்கும் மேல் உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிராக இருக்கிறது என்றார் அவர். தடை கிடைக்கவில்லை. வழக்கு மட்டும் நடக்கும் என்றார்கள், இப்போதும் நடக்கிறது.

மார்கழி முழுக்கத் தெருவில் கோலம் இல்லை. தண்ணீர் கார்த்திகையிலேயே வடிந்து, தரை காய்ந்து வெடித்திருந்தது. பிரியாக்கா தினமும் அந்தக் காய்ந்த தெருவைப் படம் எடுத்து எல்லா அலுவலகங்களுக்கும் அனுப்பினாள். ஒருநாள் முத்தம்மாள் வாசலில் அவளை மறித்தார்.

“நாத்து நடச் சொன்னவ நீ. படம் புடிச்சவ நீ. விதி எழுதுனவ நீ. எல்லாந் தெரிஞ்சும் நாலு மாசம் எங்க மூஞ்சில முழிச்சிருக்கியே! அந்த ஆள் வரும்போது, பேசாம இருங்கன்னு ஒத்த வார்த்தை சொல்லிருந்தா போதும்லா?”

“சொல்லியிருந்தா, நாளைக்குக் காசுள்ளவனும் சொல்லுவான் முத்தம்மாக்கா.”

“அவன் சொல்லத்தான செய்யுதான்! சொல்லாம இருந்தவ நீ மட்டுந்தான்.”

பிரியாக்கா, “மீன் வறுத்துக் கொடுத்தீங்களே, அவர் சாப்பிட்டாரா?” என்று கேட்டாள். முத்தம்மாள் அவளைப் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

போகியன்று அவள் போனாள். பொங்கல் கழிந்து பொக்லைன்கள் வந்தன. மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

*

வேப்பம்பட்டில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இரண்டாவது மாடியில் இருக்கிறார்கள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறிப் போய்ப் பார்ப்பேன். சூரியன் கேட் ஹாலில் சுவரோடு சாய்ந்து நிற்கிறது. மாட்ட இடமில்லை. டேங்கு சார் அதற்கு இரண்டு முறை பெயின்ட் அடித்துவிட்டார். மகளிடம் “சாப்பாடு”, “மாத்திரை”, “கரன்ட் போச்சு” என்று ஒற்றை வார்த்தைகளில் பேசுகிறார். என்னிடம் நன்றாகப் பேசுகிறார். எங்கெங்கே போனாய், அங்கெல்லாம் மழை எப்படி என்று கேட்பார்.

பிரியாக்கா கல்லூரிக்குப் போகிறாள். இப்போது ரயில், பஸ், பஸ் என்று மூன்று மாற வேண்டும். விலகல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. கூட்ட அழைப்புகள் மட்டும் வந்துகொண்டிருக்கின்றன. போவதில்லை. ஒருமுறை கேட்டேன், மறுபடி அந்த ஆடி மாதம் வந்தால் அப்பாவிடம் சொல்வாயா என்று. “தெரியலடி” என்றாள். “சொல்லுவேன்னு உடனே சொல்ல வரணும் இல்ல? வர மாட்டேங்குது. அதுதான் பயமா இருக்கு.”

முல்லை நகர் இருந்த இடத்தில் கம்பிவேலி போட்டு, நீர்நிலை என்று பலகை வைத்திருக்கிறார்கள். வெயில் காலத்தில் அங்கே பலகையும் சீமைக் கருவேலமும் மட்டும் நிற்கின்றன. குழாய் அடைப்பை யாரும் எடுக்கவில்லை. இந்த ஐப்பசியிலும் தண்ணீர் நின்றது. எங்கள் மேட்டிலிருந்து பார்த்தால் நிஜமாகவே ஏரி மாதிரிதான் இருந்தது. நைனா அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தியே வைக்கிறார்.

போன வாரம் மறுபடி வேப்பம்பட்டுக்குப் போயிருந்தேன். டேங்கு சாரின் போனில் ஒரு செய்தி வந்தது. கண்ணாடி எங்கேயோ வைத்துவிட்டார். தேடினார், கிடைக்கவில்லை. பிறகு, அவரே எழுந்து அடுக்களைக்குப் போய் மகளிடம் போனை நீட்டினார். “இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு” என்றார். முழு வாக்கியம். பிரியாக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். நிறுத்தாமல், அப்பாவுக்குக் கேட்கும்படி, கடைசிவரை படித்தாள்.

‘அன்புடையீர். முல்லை நகரில் மழைநீர் தேங்குவது குறித்துத் தாங்கள் படங்களுடன் அளித்த புகார் பரிசீலிக்கப்பட்டது. குறிப்பிட்ட இடத்தில் குடியிருப்புகள் ஏதும் இல்லாததால், புகார் தீர்வு கண்டதாக முடித்து வைக்கப்படுகிறது. இம்முடிவு கணினியால் எடுக்கப்பட்டு, அலுவலர் ஒருவரால் நேரில் பார்த்து உறுதி செய்யப்பட்டது. எங்கள் சேவையில் தங்களுக்குத் திருப்தி எனில் எண் ஒன்றை அழுத்தவும்.’